அத்திக்குக் கட்டிய துணி

கொண்டைக்குருவியோடு நான் ஒரு வருஷம் சண்டை போட்டேன். கடைசியில் ஜெயித்தவன் நான்தான். ஜெயித்த விதத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும்; அவளும் சொன்னதில்லை. பென்சிலைப் பிடித்தால் விரல் ஆடுகிற வயதில் இப்போது எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வெட்கம் என்பது இறக்கி வைக்கக்கூடிய மூட்டை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சராக இருந்தேன். ரயில் பதுளைக்கு வராத காலம். பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் சில வருஷம் நின்று புண் கழுவவும் கட்டுக் கட்டவும் மருந்து கலக்கவும் பழகியவன் என்பதால் தோட்டத்தில் எனக்கு மரியாதை அதிகம். கூலிகள் வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் மருந்தையா என்று கூப்பிடுவார்கள். நானும் கோட்டுப் போட்டுக்கொண்டு, மீசையை முறுக்கிக்கொண்டு, அவர்களை அதட்டுவேன். அதட்டாவிட்டால் மருந்து வேலை செய்யாது என்பது அந்த நாளில் என் கொள்கை. டிஸ்பென்சரிக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை, ஒரு அடுப்படி, மூங்கில் வேலி போட்ட சின்னக் கொல்லை. வீட்டில் நானும் மனைவியும் மட்டும். கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

சீமை அத்தி எங்கள் கொல்லைக்கு வந்தது துரைசானியால்தான். ரோஜா முள் குத்திப் பழுத்த அவள் விரலுக்குக் கட்டுப் போடப் பங்களாவுக்குப் போயிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே அந்த அத்தி நின்றது. வருஷா வருஷம் காய்க்கிறது, ஒரு பழமாவது நான் வாயில் வைத்ததில்லை, எல்லாம் பறவைக்குத்தான் போகிறது என்று அந்த அம்மாள் அலுத்துக்கொண்டாள். சீமையில் தன் தகப்பனார் வீட்டுச் சுவரோரம் இந்த மரம் உண்டாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் மாறியது. நான் ஒரு குச்சியை வெட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கே மனதுக்குள் ஒரு படம் போட்டுவிட்டேன்: ஒரு தட்டு நிறையப் பழுத்த அத்திப்பழம், அதைப் பங்களா வாசலில் நான் நீட்டுகிறேன், துரையும் துரைசானியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சம்பள உயர்வு, பெரிய தோட்டத்துக்கு மாற்றல் என்றெல்லாம் நான் ஆசைப்படவில்லை. கெட்டிக்காரன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனையும்.

குச்சியை அடுப்படிச் சுவரோரம் நட்டேன். சுவரின் சூடு அதற்குப் பிடித்துப்போயிற்று. எலும்புத் தூளும் சாணியும் போட்டேன், கவாத்து வெட்டினேன், பனிக்காலத்தில் அடியில் வைக்கோல் பரப்பினேன். ஓடைப் பக்கம் நாட்டு அத்தி நிறைய உண்டு. அதன் பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சி; எங்கள் ஜனங்கள் அதைத் தின்பதில்லை. அத்தியென்றால் அவர்களுக்குச் சாமி மரம், பட்டை கஷாயத்துக்கு ஆகும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதனால் நான் அத்திக்குச் செய்கிற சேவகத்தைப் பார்த்து என் மனைவி சிரிப்பாள். தனக்கு ஒருநாள் தலைவலித் தைலம் தேய்த்துவிட்டதுண்டா என்று கேட்பாள். கேள்வி நியாயமானதுதான்.

மூன்றாம் வருஷம் மரம் நன்றாகக் காய்த்தது. அத்திக்காய் பழுக்கிறவரை கழுத்தை விறைத்துக்கொண்டு நிற்கும். பழுக்கிற அன்றுதான் தலையைத் தொங்கப் போடும். அந்த நாளுக்கு முதல் நாள் கொண்டைக்குருவிக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியுமோ, எனக்குத் தெரியாது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் பழத்தின் ஒரு பக்கம் குடைந்து சிவப்பாகத் திறந்து கிடக்கும். குருவி சாப்பிட்ட மிச்சத்தை மைனா தின்னும், மைனா விட்டதைக் குக்குறுவான் தின்னும், அது விட்டதை எறும்பு தின்னும். எனக்குக் காம்பு கிடைக்கும்.

மண்ணெண்ணெய்த் தகரத்தை மரத்தில் தொங்கவிட்டு, கயிற்றை அடுப்படிக்குள் இழுத்துக் கட்டினேன். மனைவி ஒரு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு நாள் இழுத்தாள். மூன்றாம் நாள் குழம்பு அடிப்பிடித்தது. தகரத்தைக் கழற்றிக் கொடுத்து நீங்களே கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். என் பழைய கோட்டை வைக்கோலில் மாட்டிப் பொம்மை வைத்தேன். கொண்டைக்குருவி அதன் தோளில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத் தகட்டுத் துண்டுகளை ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கி, கீற்றுக் கீற்றாக வெட்டித் தொங்கவிட்டேன். வெயிலில் அவை பளபளவென்று ஆடின. நாலு நாள் ஒரு பறவையும் வரவில்லை. ஐந்தாம் நாள் அந்தப் பளபளப்பில் முகம் பார்த்துக்கொண்டே தின்றன. ஒரு சாண்கூட உடம்பில்லாத பிராணி என்னைக் கேலி செய்கிறது என்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சிரிக்க வேண்டிய விஷயம், நான் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் காய் பிடித்தபோது, ஒரு பிள்ளையின் நசுங்கிய கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு யோசனை வந்தது. கட்டைவிரலைப் போலத்தானே அத்திக்காயும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் துணிப் பை தைத்து மாட்டிவிட்டால் எந்தக் குருவி தொட முடியும்? பழைய சேலைத் துணி மழையில் நனைந்தால் காயோடு ஒட்டிப் பழத்தை அழுக வைத்தது. காற்றுப் புகுந்து போகிற மெல்லிய துணி வேண்டும். அப்படிப்பட்ட துணி தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது: என் டிஸ்பென்சரி அலமாரியில், புண் கட்டுவதற்கென்று பதுளையிலிருந்து வண்டியில் வருகிற மல் துணி.

முதலில் ஓரத்து வெட்டுத் துண்டுகளை மட்டும் எடுத்தேன். பத்துப் பை ஆயிற்று. பத்துக் காயும் நனைந்தும் அழுகாமல் பிழைத்தன. அதற்குப் பிறகு ஓரம் எது நடு எது என்று நான் பார்க்கவில்லை. சுருளைப் பிரித்துக் கத்தரித்தேன். மனைவியிடம் தைக்கக் கொடுத்தபோது, இது ஆஸ்பத்திரித் துணிதானே, மழை வருகிற நேரமாயிற்றே என்று கேட்டாள். உத்தியோக விஷயத்தில் தலையிடாதே என்றேன். அவள் தைத்தாள். அறுபதுக்கு மேல் பை. ஒவ்வொன்றையும் நானே ஏணி வைத்து ஏறி, கட்டு அவிழாதபடி டாக்டர் முடிச்சுப் போட்டுக் கட்டினேன். கீழே இறங்கி நின்று பார்த்தபோது மரம் முழுவதும் வெள்ளை வெளேரென்று இருந்தது. கொண்டைக்குருவி வந்து ஒரு பையைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஐப்பசி மழை அந்த வருஷம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. மழை என்றால் மலையில் அட்டை. புல்லுக்கு ஒன்று நிற்கும். கொழுந்து எடுக்கிற பெண்கள் காலில் சவுக்காரமும் சுண்ணாம்பும் பூசி, சாக்கைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அப்படியும் கடிக்கும். கடி ஒன்றுமில்லை, அதைச் சொறிந்தால் புண், புண்ணோடு சேற்றில் நின்றால் குழிப்புண். டிஸ்பென்சரி வாசலில் தினமும் பத்துப் பதினைந்து கால்கள். அலமாரியில் துணி இல்லை. மண் சரிந்து பாதை அடைத்ததால் பதுளை வண்டி வரவில்லை. துணி தீர்ந்துபோச்சு, பழைய கட்டை வெந்நீரில் அலசிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று எல்லோரையும் அதட்டி அனுப்பினேன்.

அவர்களில் ஒருத்தி கீழ்மலை லயத்திலிருந்து வருவாள். முப்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். கணுக்காலுக்கு மேலே அட்டை கடித்த இடம் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்திருந்தது. அந்தப் புண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் புதுத் துணியில் கட்டு மாற்ற வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். படித்த வித்தையே அதுதான். ஆனால் அவள் அதே கட்டுத் துணியைத் திரும்பத் திரும்ப ஓடையில் அலசி, அடுப்புக்கு மேல் காயவைத்து, மடித்துக் கொண்டுவருவாள். புகை பிடித்துப் பழுப்பேறியிருக்கும். ஏன் இவ்வளவு அழுக்காக இருக்கிறது, நன்றாகத் துவைக்கத் தெரியாதா என்று நான் அவளை எல்லோர் முன்னாலும் ஏசினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு காலையில் நான் கொல்லையில் ஏணியில் நின்று ஒரு பையை அவிழ்த்துப் பழம் பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்பென்சரி திறக்காததால் அவள் சுற்றிக்கொண்டு வேலிப் படலுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அந்தப் பழுப்புத் துணி. இது துரை காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்பதுதான் முதலில் தோன்றியது. அவள் காலைப் பற்றி முதலில் தோன்றவில்லை. பொய் சொல்லி என்ன பயன், அப்படித்தான் இருந்தேன்.

அவள் கோபப்படவில்லை. முகம் மலர்ந்தது. கையிலிருந்த துணியை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "வீட்டம்மாவுக்காகக் கட்டுனதாங்க ஐயா? பிள்ள வரம் கேட்டுத் தொட்டில் கட்டியிருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எங்கள் ஜனங்களிடம் அந்த வழக்கம் உண்டு. பிள்ளை இல்லாதவர்கள் கோயில் மரத்தில் சின்னத் துணித் தொட்டில் கட்டி, உள்ளே ஒரு கல்லைப் பிள்ளையாகப் பாவித்து வைப்பார்கள். வெள்ளைத் துணி, உள்ளே உருண்டையாக ஒரு கனம், அதுவும் அத்தி மரம். மருந்தையா பொஞ்சாதிக்குப் பிள்ளை இல்லை என்பது தோட்டத்துக்கே தெரியும். அவள் வேறு எப்படி நினைப்பாள்? அத்திப்பழத்துக்கு ஒருவன் புண் துணியைக் கட்டுவான் என்று யாருக்குத் தோன்றும்?

"ஆமா," என்றேன்.

அந்த ஒரு சொல்தான். ஏணியில் நின்றபடியே சொன்னேன். அவள் மறுபடியும் கும்பிட்டாள். தான் பார்த்ததே தப்பு, வேண்டுதலை வெளியாள் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய்விட்டாள். அடுப்படிக் கதவில் என் மனைவி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அவள் முகத்தை நான் பார்க்காமல் இறங்கினேன். உள்ளே போனபின் அவள் சொன்னதை ஒரு எழுத்துத் தவறாமல் எழுதிவிடுகிறேன்: "துணித் திருட்ட மறைக்க எம் வயித்தத்தான் போர்வையா எடுத்தீங்களா?"

சேதி லயத்தில் பரவிவிட்டது; மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து மலைக்குப் போகிற பெண்கள் ஐந்தாறு பேர் எங்கள் வேலிப் பக்கமாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் முந்தானை நுனியில் ஒரு கீற்றுக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, எட்டிய கிளையில் கட்டினாள். அம்மாவுக்கு நல்லபடி ஆகணும் என்றார்கள். என் மனைவி வெளியே வந்து நின்று, கும்பிட்டவர்களுக்குத் திரும்பக் கும்பிட்டாள். அவளுக்கு வேறு வழி இல்லை. உண்மையைச் சொன்னால் புருஷன் திருடன். சொல்லாவிட்டால் தன் குறை ஊர்க்குறை. இரண்டில் எதையும் அவள் தேடிப் போகவில்லை.

எனக்கும் தூக்கம் இல்லாமல் போயிற்று. நாலு பையை அவிழ்த்தேன், தையலைப் பிரித்தேன், கொதிக்க வைத்துக் காயவைத்து ஒரு நீளக் கட்டாகத் தைத்தேன். கீழ்மலை லயத்துக்காரி வந்ததும் கார்பாலிக் போட்டுப் புண்ணைக் கழுவி, அந்தத் துணியை எடுத்தேன். காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். துணியில் வரிசையாக ஊசி ஓட்டைகள் இருந்தன. முடிச்சுப் போட்ட இடத்தில் சுருக்கம் இருந்தது. அவள் ஒரு மாதமாகத் தன் கட்டுத் துணியையே பார்த்துப் பழகியவள். தெரியாமல் இருக்குமா?

"சாமிக்குக் கட்டுனத அவுத்தா எம் புண்ணுல கட்டுறீங்க? வேணாங்க ஐயா. எங்காலு கெடக்கட்டும், அம்மாவுக்கு ஆகாதுங்க."

வாசலில் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அது சாமிக்குக் கட்டியதல்ல, பழத்துக்குக் கட்டியது, உன் துணியைத்தான் நான் எடுத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த மூச்சை நான் விடவில்லை. வீண் பேச்சுப் பேசாதே, காலை நீட்டு என்று அதட்டினேன். அவள் அதற்கும் அசையவில்லை. தன் சேலையிலிருந்தே ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள். மலைச் சேறும் கொழுந்துக் கறையும் படிந்த துணி. அதைத்தான் கட்டினேன்.

அந்த வாரம் அத்தி பழுத்தது. ஒரு கொத்தலும் இல்லாத பழம். பதினோரு பழத்தை வாழையிலை போட்ட தட்டில் அடுக்கிப் பங்களாவுக்குக் கொண்டுபோனேன். துரைசானி நுவரெலியாவுக்குப் போயிருந்தாள்; வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். துரை வாசலில் நின்றபடியே ஒன்றைத் தின்றார். நல்லா இருக்கு என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, மேல்மலைத் தண்ணீர்க் கான் எல்லாம் அடைத்துக் கிடப்பதைப் பற்றிக் கங்காணியிடம் பேசப் போய்விட்டார். நான் தட்டைச் சமையல்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் ஒரு பழத்தைக்கூட நான் தின்று பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வீட்டில் மரத்தில் இன்னும் நிறைய இருந்தன. தின்ன மனம் வரவில்லை.

அடுத்த முறை கட்டு மாற்ற அவள் வரவில்லை. அவள் அண்ணன்தான் வந்தான். காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது, பிதற்றுகிறாள் என்றான். போய்ப் பார்த்தேன். லயத்து வாசலிலேயே நாற்றம் தெரிந்தது. கால் முழங்கால் வரை வீங்கிக் கறுத்திருந்தது. பாதை அப்போதுதான் திறந்திருந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தி, ஹப்புத்தளை ஏற்றம் ஏறிப் பதுளைக்கு அனுப்பினோம். வண்டி கிளம்பும்போது என் மனைவி ஓடி வந்து தன் கம்பளியை அவள்மேல் போர்த்தினாள். நான் தலைமாட்டில் நின்றேன். ஐயாவுக்குத் தொல்லை கொடுத்துவிட்டேன் என்று அவள் அரை மயக்கத்தில் சொன்னாள்.

அவள் போன வண்டிக்கு எதிரே வந்த வண்டியில்தான் எனக்கான பெட்டி வந்தது. இரண்டு சுருள் மல் துணி, புத்தம் புதிது. பதுளையில் அவள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தை கழிந்து அவள் கம்பு ஊன்றித் திரும்பி வந்தாள். மலை ஏற முடியாதென்று கொழுந்துப் பெரட்டிலிருந்து அவள் பேரை எடுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவில் போட்டார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகிற கைக்குழந்தைகளை உட்கார்ந்தபடி தொட்டிலாட்டுகிற வேலை. நான் மாதம் ஒருமுறை அங்கே பிள்ளைகளைப் பார்க்கப் போக வேண்டும். போவேன். நாக்கைப் பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன், அவளைப் பார்க்க மாட்டேன். அத்தியில் மிச்சமிருந்த பைகளை அவிழ்க்க நான் துணியவில்லை; வேண்டுதல் மரத்தில் கை வைத்தால் லயமே கேள்வி கேட்கும். அவை மழையில் நைந்து தாமாக விழுந்தன. பறவைகள் திரும்பி வந்தன. நான் ஒரு தகரத்தையும் தட்டவில்லை.

இரண்டு வருஷம் ஆயிற்று. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை, பிறக்கவே இல்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே அவள் கம்பை ஊன்றி நின்றிருந்தாள். உள்ளே வா என்றேன். வர மாட்டேன் என்று தலையாட்டினாள். மரத்துக்கும் தனக்கும் நடுவே வேலி இருக்க வேண்டும் என்று நினைத்து நிற்கிறாள் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. எத்தனையோ நாளாகச் சொல்ல நினைத்து வாய் வராமல் இருந்ததாகச் சொன்னாள். தெரிந்துவிட்டது, இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். முடிந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அன்னைக்குச் சீழ் வடியிற காலோட நான் இங்க வந்து நின்னுட்டேங்க. தீட்டுக் காலு. தொட்டில வேற அண்ணாந்து பாத்துட்டேன். அதாலதான் அம்மாவுக்கு ஒண்ணும் தங்கலையோன்னு மனசு அறுக்குது. எங்கால சாமி எடுத்துக்கிச்சு, அதோட விட்டிருக்கலாம். என்னய மன்னிச்சிருங்க ஐயா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். அப்போது யாரும் பக்கத்தில் இல்லை. துரை இல்லை, வாசலில் நோயாளிகள் இல்லை, என் மனைவி ஓடைக்குப் போயிருந்தாள். பயப்பட ஒரு காரணமும் இல்லாத நேரம் அது.

"பரவால்ல, போ," என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு, கம்பை ஊன்றி ஊன்றிப் போனாள். நான் அவளை மன்னித்து அனுப்பினேன்.